கேட்பவன் தரும் அனுமதி

(மதுக்கரையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2005-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நம் அரசாங்கம் ஓர் அறிவிக்கை வெளியிட்டு, 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையை, குறிப்பிட்ட சக்தி வரம்புக்கு உட்பட்டு, உரிமம் எதுவும் பெறாமலே எவரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அதற்கு முன்பு ஒரு கம்பியில்லாக் கருவியை வெளியில் நிறுத்திப் பேச வைப்பதென்றால், எந்த இடத்தில், எந்த அதிர்வெண்ணில், எவ்வளவு வலிவில் என்பதையெல்லாம் ஓர் அதிகாரி பார்த்துக் கையொப்பமிட வேண்டியிருந்தது. இருவர் குரல் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் காப்பதே அந்தக் கையொப்பத்தின் பிரயோஜனம். கையொப்பம் போயிற்று, ஆனால் குரலைக் காக்க வேண்டிய அவசியம் அப்படியே இருக்கிறது. அந்தப் பொறுப்பு இப்பொழுது நம் சட்டைப்பையிலும் வீட்டுச் சுவரிலும் மொட்டைமாடிக் கம்பத்திலும் இருக்கிற கருவிகளிடமே விடப்பட்டிருக்கிறது.

பொதுவாகக் கிடக்கும் ஆகாயத்தில், தலைமை நிலையம் என்று ஒன்று இல்லாத சமயத்தில், யார் எப்பொழுது பேசுவது என்பதைக் கருவிகள் தமக்குள்ளே எவ்வாறு தீர்மானித்துக்கொள்கின்றன என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம். பொறியியல் கல்லூரிகளில் இது "அட்-ஹாக் கம்பியில்லா வலைகளில் ஊடக அணுகல் கட்டுப்பாடு" என்ற நீண்ட பெயருடன், பரீட்சைக்கு முந்திய இரவில் உருப்போடப்படும் பகுதியாக இருந்து வருகிறது. உருப்போட வேண்டாதபடி அதனுள்ளே ஒரே ஒரு கருத்து ஓடுகிறது என்பது என் அபிப்பிராயம். அதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

கைத்தொலைபேசியை முதலில் ஒதுக்கி வைத்துவிடுவோம். அங்கே கோபுரம் இருக்கிறது. இந்தக் கணம் நீ பேசு, அடுத்த கணம் அவன் பேசட்டும் என்று கோபுரம் பங்கிட்டுக் கொடுக்கிறது. கோபுரம் சாய்ந்தால் பேச்சும் நின்றுபோகிறது. அட்-ஹாக் வலை என்பது கோபுரம் இல்லாமலே, அருகருகே இருக்கும் நிலையங்கள் தாமாகக் கூடி, ஒன்றின் செய்தியை மற்றொன்று வாங்கி அடுத்ததற்குக் கொடுத்து, வேண்டியபோது அமைந்து வேண்டாதபோது கலைந்துபோகும் வலை. போர்முனைக்கும் வெள்ளம் வந்த ஊருக்கும் காட்டுக்கும் அது ஏற்றது. அங்கே பங்கிட்டுக் கொடுப்பார் இல்லை. ஆகவே பங்கீடே முதற்பிரச்சினையாகிறது.

இதன் சரித்திரம் ஹவாய்த் தீவுகளில் தொடங்குகிறது. அலைச்சறுக்கு விளையாட்டில் பெரும் மோகம் கொண்டிருந்த நார்மன் ஆப்ராம்சன் என்னும் பேராசிரியர், தீவுக்குத் தீவு சிதறிக் கிடந்த பல்கலைக்கழகக் கிளைகளை ஹோனலூலுவில் இருந்த கணினியோடு இணைக்க விரும்பி, 1971-ஆம் ஆண்டில் அலோஹா வலையை இயக்கிக் காட்டினார். அதன் விதியைப்போல் எளிய விதி உலகத்தில் வேறில்லை: சொல்ல வேண்டியது இருந்தால் உடனே சொல்லிவிடு; பெற்றுக்கொண்டேன் என்ற பதில் வராவிட்டால், உன் செய்திப் பொட்டலம் வேறொன்றோடு மோதிச் சிதைந்தது என்று கொண்டு, மனம்போன அளவு காத்திருந்து, மறுபடியும் சொல். காத்திருக்கும் காலத்தை இருவரும் ஒரே அளவாக வைத்துக்கொண்டால் மறுபடியும் மோதிக்கொள்வார்கள் என்பதனால், அந்த அளவு குருட்டாம்போக்காக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள நுட்பம். இவ்வளவு நாகரிகமற்ற விதி எவ்வளவு தூரம் பலிக்கும் என்று கணக்கிட்டபோது, ஆகாயத்தின் முழுக் கொள்ளளவில் நூற்றுக்கு 18 பங்குக்குச் சற்று மேல்தான் பயனாகும் என்றும், மீதி யாவும் மோதலிலும் மௌனத்திலும் கழியும் என்றும் தெரிந்தது. மறு ஆண்டில் லாரன்ஸ் ராபர்ட்ஸ் என்பவர், காலத்தைச் சம கூறுகளாக வெட்டி, கூறின் தொடக்கத்தில் மட்டுமே பேசத் தொடங்கலாம் என்று ஒரு சிறு கட்டுப்பாட்டைச் சேர்த்தார். பயன் இரட்டித்து 36 பங்குக்கு மேல் போயிற்று. கட்டுப்பாடில்லாத சுதந்திரம் எவ்வளவு வீணாக்குகிறது என்பதைக் கணித சாஸ்திரம் இவ்வளவு துல்லியமாகச் சொன்ன இடம் வேறு உண்டா என்பது எனக்குச் சந்தேகமே.

பேசுமுன் கேள் என்பது அடுத்த படி. ஆகாயத்தில் வேறொருவர் குரல் இருக்கிறதா என்று செவிசாய்த்து, இல்லையென்றால் மட்டுமே பேசுவது. லெனர்ட் கிளைன்ராக்கும் ஃபுவாட் டொபாகியும் 1975-இல் இதை ஆராய்ந்து எழுதியபோது, எல்லோரும் எல்லோரையும் கேட்கக்கூடிய இடத்தில் இது அலோஹாவை வெகுதூரம் பின்தள்ளிவிடுகிறது என்று காட்டினார்கள். அதே ஆண்டில் வெளிவந்த தொடர்ச்சியான கட்டுரையில் அவர்களே தம் முறையின் குறையையும் கண்டுபிடித்துச் சொன்னார்கள். நாம் நின்று நிதானிக்க வேண்டிய இடம் இதுதான்.

இவ்வூர் தர்மலிங்கேசுவரர் மலையை எண்ணிப் பாருங்கள். மலையடியில் இப்புறம் ஒரு நிலையம், அப்புறம் ஒரு நிலையம், உச்சியில் கோயிலுக்கு அருகே மூன்றாவது நிலையம் என்று வைத்துக்கொள்வோம். நிலையங்கள் என் கற்பனை, மலை உண்மை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய பன்னிரண்டரை சென்டிமீட்டர். அது பாறையை ஊடுருவிப் போவதில்லை, மலையை வளைந்து சுற்றுவதும் அரிது. ஆகையால் அடிவாரத்து நிலையங்கள் இரண்டும் ஒன்றையொன்று ஒருகாலும் கேட்கமாட்டா. உச்சியில் இருப்பது இரண்டையும் கேட்கும். இப்புறத்து நிலையம் உச்சிக்கு ஒரு செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அப்புறத்து நிலையத்துக்கும் உச்சிக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது. அது விதிப்படியே நடக்கிறது, செவிசாய்க்கிறது, ஒரு சத்தமும் இல்லை, ஆகாயம் வெறுமையாய் இருக்கிறதென்று நம்பிப் பேசத் தொடங்குகிறது. உச்சியில் இரண்டு குரலும் கலந்து இரண்டும் பாழாகின்றன. இருவரும் விதியை மீறவில்லை. இருவரும் தம் அருகே மோதல் எதையும் காணவில்லை. பேசியவர்களுக்குத் தெரியாமலே கேட்டவனிடத்தில் எல்லாம் அழிந்துவிட்டது. நூல்கள் இதை "மறைந்த நிலையம்" என்னும் பிரச்சினையாகக் குறிக்கின்றன.

ஏன் பேசிக்கொண்டிருக்கும்போதே மோதலை உணரக்கூடாது என்று கேட்கலாம். கம்பியில் அது முடிந்தது. ராபர்ட் மெட்காஃப் அலோஹாவின் கருத்தைக் கம்பிக்குள் கொண்டுபோய் 1973-இல் ஈதர்நெட்டை வகுத்தபோது, பேசுகின்றவனே கம்பியைக் கவனித்து, மோதியவுடன் நிறுத்திக்கொள்ள வழி செய்தார். ஆகாயத்தில் நம் கருவி வெளியிடும் சக்தியில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான் பல சமயங்களில் தூரத்திலிருந்து வரும் குரலாக ஆன்டெனாவை எட்டுகிறது. தன் குரலின் இரைச்சலில் அது தனக்கே கேளாமல் போகிறது. அப்படியே கேட்டாலும் பலனில்லை. மோதல் நிகழும் இடம் மலையுச்சி. பேசுபவன் இருக்குமிடம் மலையடி. மலையடியின் செவி மலையுச்சியின் நிலைமையை எப்படி அறியும்?

ஆக, ஆகாயம் வெறுமையாக இருக்கிறதா என்ற கேள்வியைப் பேசுகிறவன் தன்னிடமே கேட்டுக்கொள்வது பொருந்தாது. கேட்கிறவனிடம் கேட்க வேண்டும். இதுதான் நான் சொல்ல வந்த ஒரே கருத்து. அதன் பின்னர் வந்த ஆராய்ச்சியில் பெரும்பகுதி இதற்கு உரையெழுதியதே என்று சொன்னால் அறிஞர்கள் என்மேல் கோபிக்கக்கூடும், ஆயினும் சொல்கிறேன்.

இக்கருத்துக்குச் செயல்வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமான ஒருவர், சம்பளத்துக்காக அல்லாமல் ஆர்வத்துக்காக வானொலியோடு உறவாடும் ஹாம் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பது எனக்கு மிகவும் உவப்பான செய்தி. ஃபில் கார்ன் என்னும் அமெரிக்கர், ஹாம் வானொலிக்காரர்களின் கணினி வலை மகாநாட்டில் 1990-இல் படித்த கட்டுரையில், செவிசாய்த்துப் பேசும் வழக்கத்தையே விட்டுவிடுங்கள் என்றார். அனுப்ப விரும்புகிறவன் முதலில் "அனுப்பலாமா, இவ்வளவு நேரம் பிடிக்கும்" என்று மிகச் சிறிய பொட்டலம் ஒன்றை விடுக்கட்டும். கேட்க வேண்டியவன், தன் சுற்றுப்புறம் அமைதியாக இருந்தால், "அனுப்பலாம், இவ்வளவு நேரத்துக்கு" என்று பதில் சொல்லட்டும். அந்தப் பதில் அனுமதி கேட்டவனுக்கு மட்டும் போவதில்லை. உச்சியிலிருந்து சொன்னால் மலையின் இருபுறமும் கேட்கும். அப்புறத்து நிலையம் இப்புறத்தின் கேள்வியைக் கேட்காவிட்டாலும், உச்சியின் பதிலைக் கேட்டு, அதில் சொன்ன நேரம் வரைக்கும் வாய் மூடிக்கொள்ளும். அனுமதிப் பொட்டலங்களே மோதிக்கொண்டால் என்ன செய்வதென்றால், அவை இருபது எழுத்துக்கு மேற்படாத சிறு பொட்டலங்கள். அவை நஷ்டமானால் ஆயிரத்தைந்நூறு எழுத்துப் பொட்டலம் நஷ்டமானதைப்போல் வருந்த வேண்டியதில்லை.

ஹாம் வானொலிக்காரர்கள் வாயால் பேசும்போது இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்துக்கொள்வது வழக்கம். பலர் ஒரே அதிர்வெண்ணில் கூடினால், நல்ல இடத்தில் இருந்து எல்லோரையும் கேட்கக்கூடிய ஒருவரைத் தாற்காலிகமாகத் தலைவராக்கி, அவர் பெயர் சொல்லி அழைத்த பின்பே மற்றவர் பேசுவார்கள். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்து அந்தமானில் தொலைபேசிகள் மாண்டுபோனபோது, ஹைதராபாத்தின் தேசிய ஹாம் வானொலி நிலையத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத்தும் அவருடைய தோழர்களும், வேறொரு காரியமாகப் போர்ட் பிளேயருக்குப் போயிருந்தவர்கள், தங்கள் கருவிகளைக் கொண்டு தீவுக்கும் தாய்நாட்டுக்கும் இடையே செய்தி நடத்தினார்கள். பேச வல்லவரைத் தேடாமல், எல்லோரையும் கேட்க வல்லவரைத் தேடித் தலைமை தருவது அவர்களுடைய மரபு. அவர்கள் அநுபவத்தால் கண்டதைக் கார்ன் இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று நான் கருதுகிறேன்.

கார்னின் முறையை எடுத்துத் தைத்துச் செப்பனிட்டவர்கள் நால்வர். அவர்களுள் முதற்பெயர், தஞ்சைச் சீமையின் ஊரொன்றைத் தன் பெயரிலேயே தாங்கிய வடுவூர் பார்கவன் என்பவருடையது. 1994-இல் வெளிவந்த அவர்களது ஆராய்ச்சி, அதுவரை பெரிதாகக் கவனிக்கப்படாத ஓர் அநியாயத்தை வெளிக்கொண்டுவந்தது. மோதல் நேர்ந்தவன் தன் காத்திருப்பின் எல்லையை இரட்டித்துக்கொள்வதும், வெற்றி பெற்றவன் அதைக் குறைந்த அளவுக்கே இறக்கிக்கொள்வதும் அக்காலத்து வழக்கம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு நிலையங்கள் ஓயாமல் பேச முயலும்போது, தற்செயலாக முதலில் வென்றவன் குறைவாகக் காத்திருப்பதனால் மறுபடியும் வெல்கிறான். தோற்றவன் மேலும் மேலும் பின்வாங்குகிறான். சிறிது நேரத்தில் ஆகாயம் முழுவதும் ஒருவனுடையதாகிவிடுகிறது. எவருக்கும் தீய எண்ணம் இல்லாமலே ஏகபோகம் உண்டாகிவிடுகிறது! அவர்கள் செய்த திருத்தம் இரண்டு பகுதியுடையது: தோல்வியில் இரட்டிக்காமல் ஒன்றரை மடங்காக்கு, வெற்றியில் ஒவ்வொரு படியாகவே இறங்கு என்பது ஒன்று, உன் காத்திருப்பின் அளவைப் பொட்டலத்தின் தலைப்பிலேயே எழுதி விடு, கேட்டவர் எல்லோரும் அதையே தமக்கும் வைத்துக்கொள்ளட்டும் என்பது மற்றொன்று. இரண்டாவது திருத்தம் எனக்குப் பெரிதும் பிடித்தது. ஒருவன் பட்ட கஷ்டத்தை எல்லோரும் அறிந்து, எல்லோரும் அதே அளவு காத்திருப்பது.

உலகம் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. 1997-இல் வந்த 802.11 என்னும் நியமம், நாம் வைஃபை என்று வழங்குவதற்கு ஆதாரமானது, கார்னின் அனுமதியையும் பார்கவன் கூட்டத்தார் வற்புறுத்திய, "பெற்றுக்கொண்டேன்" என்று பதில் சொல்லும் பெறுகை அறிவிப்பையும் எடுத்துக்கொண்டது. ஆனால் காத்திருப்பை இரட்டிக்கும் பழைய வழக்கத்தையே வைத்துக்கொண்டது. அனுமதி கேட்கும் வழக்கமும் கட்டாயமாகவில்லை. நம் வீட்டு வைஃபைப் பெட்டிகள் பலவற்றில் அது தொடக்கத்திலேயே செயலற்றுக் கிடக்குமாறு எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. ஒரே வீட்டுக்குள் எல்லோரும் எல்லோரையும் கேட்பதனால் அது அநாவசியம் என்ற எண்ணத்தில் தவறில்லை. வீட்டைத் தாண்டும்போதுதான் சங்கடம்.

இங்கே ஒரு நூலைக் குறிப்பிட வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் சி. சிவராம மூர்த்தியும் அவரிடம் ஆராய்ச்சி செய்த பி.எஸ். மனோஜும் எழுதி 2004-இல் வெளியான "அட் ஹாக் வயர்லெஸ் நெட்வொர்க்ஸ்" என்னும் நூல், இத்துறையில் பல நாட்டு மாணவர்களுக்கும் பாடநூலாக அமைந்தது. போட்டியிட்டுப் பெறும் முறைகள், போட்டியோடு முன்பதிவு சேர்ந்த முறைகள், போட்டியோடு காலவரிசை சேர்ந்த முறைகள் என்று அது பகுத்துக்கொண்டு போகும் பகுதியைப் படிக்கிற மாணவர், ஒவ்வொரு முறையின் பெயரையும் மனத்தில் திணித்துக்கொள்வதைக் காட்டிலும், இந்த முறையில் யாருடைய செவியை நம்பியிருக்கிறார்கள் என்ற ஒரே கேள்வியோடு படித்தால் நூல் தானே திறந்துகொள்ளும். அதே ஐ.ஐ.டி.யில் படித்து அமெரிக்கா சென்ற பி.ஆர். குமார், பியூஷ் குப்தாவோடு சேர்ந்து 2000-இல் நிறுவிய மற்றோர் உண்மையையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன்: வலையில் நிலையங்கள் பெருகப் பெருக, எவ்வளவு சாமர்த்தியமான விதி வகுத்தாலும், ஒவ்வொரு நிலையத்தின் பங்கும் அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டிக் குறைந்துகொண்டேதான் போகும்.

வீட்டைத் தாண்டிய வைஃபை என்ன பாடுபட்டது என்று பார்க்க, இனித் தேனிக்குப் போவோம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைக் கொங்கு நாட்டில் அறியாதவர் இல்லை. கோயம்புத்தூரிலேயே அதன் பெரிய கிளை இருக்கிறது. தேனியிலுள்ள அதன் மருத்துவமனையையும், போடிநாயக்கனூர், சின்னமனூர், பெரியகுளம், ஆண்டிபட்டி முதலிய இடங்களில் திறந்த சிறிய பார்வை மையங்களையும், எரிக் புரூவர் என்னும் பேராசிரியரின் தலைமையில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக் குழு ஒன்று, விலை மலிந்த வைஃபைக் கருவிகளையும் உயர்ந்த கம்பங்களையும் கொண்டு இணைத்தது. நோயாளி தன் ஊரிலேயே உட்கார்ந்து, தேனியில் இருக்கும் மருத்துவரிடம் படத்திலே முகம் பார்த்துப் பேசுவதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. காகிதத்தில் கணக்கிட்ட வேகத்தில் ஒரு சிறு பகுதிதான் இத்தகைய நெடுந்தூர இணைப்புகளில் கிடைத்தது. குற்றம் கம்பத்திலோ கருவியிலோ இல்லை. வீட்டுக்குள் வாழப் பிறந்த விதியை வயல்வெளிக்கு அனுப்பியதில்தான் இருந்தது.

கணக்கு மிக எளிது. வானொலி அலை ஒரு மைக்ரோவினாடியில் 300 மீட்டர் போகிறது. 15 கிலோமீட்டர் தொலைவுக்கு 50 மைக்ரோவினாடி. போய்த் திரும்ப 100. அக்காலத்து வைஃபையின் விதி, காலத்தை 20 மைக்ரோவினாடிக் கூறுகளாக எண்ணுகிறது. அண்டை வீட்டளவு தூரத்தை மனத்தில் வைத்து வகுத்த எண் அது. எனவே, இந்த முனையில் ஒருவன் பேசத் தொடங்கி இரண்டரைக் கூறு கழிந்த பின்பே மறுமுனைக்கு அது தெரிகிறது. அதற்குள் மறுமுனையும் ஆகாயம் காலி என்று பேசத் தொடங்கிவிடலாம். செவிசாய்த்தல் என்பது வெறும் சடங்காகிவிடுகிறது. பெறுகை அறிவிப்போ இன்னும் பரிதாபம்: அது திரும்பி வந்து சேருமுன்பே, பதில் இல்லை என்று முடிவுசெய்து அனுப்பியவன் மறுபடியும் அனுப்பத் தொடங்கிவிடுகிறான். இவை போதாவென்று, ஒரே கம்பத்தில் நான்கு திசைக்கு நான்கு கருவிகளைக் கட்டும்போது, அவற்றில் ஒன்று பேசினால் அருகிலிருக்கும் மற்றது, பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் மெல்லிய குரலைக் கேட்க முடியாமல் செவிடாகிறது.

இதற்கு விடை கண்டது கான்பூரை ஒட்டிய கங்கைச் சமவெளியில். பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும் 2005-இல் முன்வைத்த முறை இது: ஒரு கம்பத்தில் உள்ள கருவிகள் யாவும் ஒரே கணத்தில் பேசட்டும், பிறகு யாவும் ஒரே கணத்தில் கேட்கட்டும். எல்லாம் பேசும்போது ஒன்றின் காது அடைபடுவதற்கு அங்கே காதே திறந்திருக்கவில்லை. எல்லாம் கேட்கும்போது அருகே இரைச்சல் இல்லை. ஒரு கம்பம் பேசும்போது அதன் அண்டைக் கம்பங்கள் எல்லாம் கேட்க வேண்டும் என்பதனால், கம்பங்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணிக்குள்ளே இணைப்பு இல்லாதபடி அமைக்க வேண்டும். ஒரு நடு ஊரிலிருந்து கிளைகிளையாகப் பிரிந்து போகும் வலையில் அது எப்பொழுதும் சாத்தியம் என்பது கணிதம் அறிந்தவர்களுக்கு உடனே விளங்கும். தேனி வலையோடு உறவுடைய பெர்க்லிக் குழுவினர் இதை மேலும் வளர்த்து, பொட்டலந்தோறும் பெறுகை அறிவிப்பு என்பதை நீக்கி மொத்தமாக ஒரே அறிவிப்பு என்று வைத்து, 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பழைய விதியைக் காட்டிலும் இரண்டு முதல் ஐந்து மடங்கு பயன் கிடைத்ததாகத் தெரிவித்தார்கள். கருவி அதே மலிவான கருவி. உள்ளே இருந்த விதி மட்டும் மாறியது.

செவிசாய்ப்பதை விட்டு முறைவைத்துக்கொள்வதற்கு வந்துவிட்டோம் என்பதைக் கவனித்திருப்பீர்கள். கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. பங்காளிகள் நால்வருக்கு ஒரு கூட்டுக் கிணறு. கவலை கட்டி இறைத்த நாளிலும் மோட்டார் வந்த பிறகும் ஆளுக்கு இத்தனை நாள், இத்தனை நாழிகை என்று முறை. முறை மாறும் வேளையில், வாய்க்காலில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர் யாருடைய பாத்திக்கு என்ற வழக்கு எழாதபடி, மடை திருப்புவதற்கென்று சிறிது நேரம் விட்டுக்கொடுப்பார்கள். 15 கிலோமீட்டருக்கு 50 மைக்ரோவினாடி விட்டுக்கொடுப்பது அந்தக் கணக்குத்தான். ஒருவன் அறுவடை முடித்துக் காடு காய்ந்து கிடந்தாலும் அவன் முறையில் கிணறு சும்மாவே இருக்கும். அடுத்தவன் பயிர் வாடினாலும் தொடக்கூடாது. முறையின் நிம்மதியும் அதுதான், நஷ்டமும் அதுதான். யாவருக்கும் ஒரே கடிகாரம் வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வருகிறது. நிலையங்கள் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும் வலையில், நேற்று நால்வராக இருந்த பங்காளிகள் இன்று எழுவராகி நாளை இருவராகும் நிலையில், முறைப்பட்டியலை யார் எழுதுவது? ஆகவே ஓடித் திரியும் வலைக்குப் போட்டி, ஊன்றி நிற்கும் வலைக்கு முறை என்பதே என் கட்சி. இரண்டையும் கலந்து புதுப்பெயர் சூட்டி வெளிவரும் முறைகளுக்குக் கணக்கில்லை. பட்டத்துக்கு உதவியவை பல, கம்பத்தில் ஏறியவை சில.

நம் ஊர்ப் பக்கத்துக்கு வருகிறேன். எட்டிமடையில் தலைமையிடம் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகத்தார், மனீஷா சுதீர் தலைமையில், மூணாற்றின் அந்தோணியார் காலனியில், நிலச்சரிவை முன்னறிவிக்கும் உணரிகளைச் சரிவுக்குள்ளே துளையிட்டு இறக்கி, அவற்றைக் கம்பியில்லா வலையாகக் கோத்து, சுமார் 2009 முதல் நடத்தி வருகிறார்கள். மண்ணுக்குள் ஏறும் நீரின் அழுத்தமும், சரிவின் அசைவும், மழையின் அளவும் அங்கிருந்து செயற்கைக்கோள் வழியாகக் கொல்லத்திலுள்ள அவர்கள் வளாகத்துக்குப் போகின்றன. மழை வலுக்க வலுக்க அடிக்கடி அளவெடுக்குமாறு அமைத்திருக்கிறார்கள். மற்ற வேளையில் பெரும்பாலும் உறக்கம். உறக்கத்துக்குக் காரணம், பலர் அறியாத ஒரு விசித்திரம். இத்தகைய உணரிகளில் ஒரு காலத்தில் மிகப் பரவலாக இருந்த சிசி2420 என்னும் சில்லு, பேசும்போது 17.4 மில்லியாம்பியர் மின்னோட்டம் இழுக்கிறது, கேட்கும்போது 18.8. பேசுவதைக் காட்டிலும் கேட்பதற்கே செலவு அதிகம்! ஒருவரும் பேசாத காட்டில், யாராவது பேசுவார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், 2,500 மில்லியாம்பியர்-மணி மின்கலம் ஆறு நாளுக்குள் தீர்ந்துபோகும். கேட்பவனே அனுமதி தர வேண்டும் என்று இவ்வளவு நேரம் வாதித்தேன். அந்தக் கேட்பவன் எந்நேரமும் விழித்திருக்க இயலாது என்பது இங்கே வந்து குறுக்கிடுகிறது. எல்லோரும் ஒரே வேளையில் விழித்து ஒரே வேளையில் உறங்குவது என்று 2002-இல் ஒரு முறை வந்தது. அவரவர் தம் போக்கில் அடிக்கடி ஒரு கணம் விழித்துப் பார்க்கட்டும், அழைப்பவன் மட்டும் அவர்கள் விழிக்கும் வரை நீளக் கூப்பிட்டுக்கொண்டிருக்கட்டும் என்று 2004-இல் மற்றொன்று வந்தது. எப்பொழுதாவது ஒருமுறை பேசும் காட்டுக்கு இரண்டாவதே மேல் என்று நினைக்கிறேன்.

இத்தகைய காட்டு உணரிகளுக்கு நம் ஊரிலேயே வேலை இருக்கிறது. 2021 நவம்பர் 26-ஆம் நாள் இரவு, இவ்விடத்துக்கு அருகே நவக்கரைப் பக்கத்தில், மங்களூரிலிருந்து சென்னை செல்லும் எக்ஸ்பிரஸ் மோதி மூன்று யானைகள் மாண்டதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அதன் பிறகு தமிழ்நாடு வனத்துறை ஏழு கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, மதுக்கரை வனச்சரகத்தில் தண்டவாளத்தை ஒட்டி 12 கோபுரங்களை நிறுத்தி, வெப்பத்தைக் காணும் கேமராக்களையும் சாதாரணக் கேமராக்களையும் பொருத்தி, செயற்கை நுண்ணறிவு யானையை அடையாளங்கண்டு கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவிக்கும் அமைப்பை 2024 பிப்ரவரியில் தொடங்கி வைத்தது. கோபுரங்கள் ஊன்றி நிற்பவை, மின்சாரம் உள்ளவை. நான் இதுவரை சொன்ன சிக்கல்கள் அவற்றுக்குப் பெரும்பாலும் இல்லை. ஆனால் கோபுரம் எட்டாத ஓடைக்கரைகளிலும் புதர்களிலும் மின்கல உணரிகளைப் பரப்ப வேண்டும் என்று நாளைக்கு இங்குள்ள மாணவர் ஒருவர் முயல்வாரானால், அவர் கவனிக்க வேண்டிய விசேஷம் ஒன்றுண்டு. யானைக் கூட்டம் ஒன்று தண்டவாளத்தை நோக்கி இறங்கும்போது, அதன் பாதையில் உள்ள உணரிகள் எல்லாம் ஒரே நிமிஷத்தில் பேசத் துடிக்கும். வாரக்கணக்காக மௌனம், பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே செய்தி. சராசரிப் போக்குவரத்தை வைத்து வகுத்த போட்டி விதி மிக மோசமாகத் தடுமாறும் கணமும், செய்தி மிக அவசியமாகும் கணமும் ஒன்றாகவே வருகின்றன.

வேகம் இங்கே பெரிதன்று. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் நகர்கிறது. ரயிலை நிறுத்துவதற்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேண்டியிருக்கும்போது, செய்தி ஒரு வினாடி தாமதிப்பதால் குடிமுழுகிவிடாது. ஒரு வினாடி என்பதோ வானொலி விதிகளின் உலகத்தில் ஐம்பதாயிரம் கூறுகள் அடங்கிய பெரும்பொழுது. செய்தி தொலையாமல் வந்து சேர்வதுதான் முக்கியம். ஆதலால், படங்களும் மின்கலத்தின் நலமும் வழக்கமான அளவுகளும் போட்டியிட்டுப் போகட்டும். "யானை" என்னும் ஒரே சொல்லுக்கு மட்டும், ஒவ்வோர் உணரிக்கும் ஒவ்வொரு வினாடியிலும் ஒரு சிறு காலக்கூறை, ஆண்டு முழுவதும் பெரும்பாலும் வெறுமையாகக் கழிந்தாலும் பாதகமில்லை என்று, முறைவைத்து ஒதுக்கிவிட வேண்டும் என்பது என் யோசனை. அந்த ஒதுக்கீட்டைக் கேட்கிற நிலையம் ஒன்று மட்டும் மின்கலத்தை நம்பாமல், தண்டவாளத்தை ஒட்டி மின்சாரம் உள்ள இடத்தில் உறங்காமல் இருக்குமாறு அமைத்தால், கடிகாரத்தை ஒத்துப்பார்க்கும் சிறு கணம் தவிர, உணரிகள் எதுவும் யாருக்காகவும் காதைத் திறந்து வைத்திருக்க வேண்டியதில்லை. தம் கூறு வரும்போது, சொல்ல இருந்தால் சொல்லிவிட்டு, உறங்கப் போகலாம்.